தெருவில் போகும் என் குரல்

அன்புள்ள ஊமைக்கோட்டானுக்கு,

நீயும் உன் அக்காவும் அங்கே நலமாக இருக்க வேண்டும். பழைய பட்டப்பெயரிலேயே கூப்பிட்டுவிட்டேன். கோபம் வந்தால் அந்த வரியை மட்டும் கிழித்துப் போட்டுவிட்டு மீதியைப் படி. போன் செய்தால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் நான் வளவளவென்று எதையாவது பேசிக்கொண்டே போவேன், சொல்ல வேண்டியது கடைசிவரை வாயில் வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

உன் மாடி அறைச் சாவி என்னிடம் பத்திரமாக இருக்கிறது. அவ்வப்போது போய் ஜன்னலைத் திறந்து வைக்கிறேன். வீட்டுக்காரம்மா நீ எப்போது வருவாய் என்று கேட்டார். வருவாள் என்று மட்டும் சொன்னேன். என் சின்னவளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. சிரித்தால் கதவைத் திறந்து வைத்த வீடு மாதிரி இருக்கிறாள். உன்னைத் தினமும் விசாரிக்கிறாள். என் வீட்டுக்காரருக்கு மைக்செட் வாடகை இந்தத் தேர்தலில் நன்றாக ஓடுகிறது. அதைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

நேற்று விசாரணைக் குழு அலுவலகத்திலிருந்து ஓர் அம்மா கூப்பிட்டார். வெள்ளிக்கிழமை நான் வர வேண்டுமாம். அன்று நீ வேலை பார்த்த இடத்தில் உன் சாரின் அறையை விட்டு வெளியே வந்ததும் நேராக என்னிடம்தான் வந்தாய் என்று புகாரில் எழுதியிருக்கிறாயாம். உன் பக்கம் இருக்கிற ஒரே சாட்சி நான்தானாம். நீ வருவது நிச்சயமில்லை, வராவிட்டால் புகாரை அப்படியே மூடிவிடுவார்கள் என்றும் சொன்னார். போனை வைத்த பிறகு எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நீ புகார் எழுதியபோது என் குரலில் அந்தத் தேர்தல் விளம்பரம் வரவில்லை. அதன் பிறகு அந்த ஒரே சாட்சியையும் நானே கெடுத்துவிட்டேன்.

பிரசார வேனில் போகும் குரல் யாருடையது என்று உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. அதை வேறு யார் வாயாலும் நீ கேட்கக் கூடாது.

தேர்தலில் நிற்கும் உன் சார்மேல் புகார் என்று பேப்பரில் வந்ததுமே அவருடைய தேர்தல் அலுவலகப் பொறுப்பாளர் எங்கள் கடைக்கு வந்துவிட்டார். அவர் கொடுத்த தாளில் தப்பு ஒன்றுமில்லை. குற்றம் நிரூபிக்கப்படும் வரை எவரும் நிரபராதி, விசாரணை முடியட்டும், பொறுத்திருந்து முடிவு செய்யுங்கள் என்றுதான் இருந்தது. ஆனால் வேன் ஒரு தெருமுனையைத் தாண்டுவதற்குள் விளம்பரம் முடிந்தாக வேண்டும். நீளமாக இருக்கிறது, மூச்சு முட்டுகிறது என்று பேனாவை எடுத்தது நான். "நிரூபிக்கப்படும் வரை" போயிற்று. விசாரணையும் போயிற்று. நம் வேட்பாளர் நிரபராதி என்பது மட்டும் மிஞ்சியது. முடிவு எடுப்பாக இருக்கட்டும் என்று, வீண்பழி சுமத்தியவர்களுக்கு வாக்கால் பதில் சொல்லுங்கள் என்ற வரியையும் நானே சேர்த்தேன். அது அந்தத் தாளில் இல்லவே இல்லை. "அக்கா, பிச்சு உதறிட்டீங்க" என்றார் பொறுப்பாளர். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அறிவு கெட்ட ஜென்மம்!

பேப்பரில் உன் பெயர் போடவில்லை, புகார் கொடுத்தது நீதான் என்று தெரியாது என்று சொல்லித் தப்பிக்கலாம். அது பாதிப் பொய். அன்று நீ வந்தபோது நான் காதிலிருந்து ஹெட்போனைக்கூடக் கழற்றவில்லை. நீ பின்பக்கக் குழாயில் முகம் கழுவினாய், கழுவினாய், நிறுத்தவே இல்லை. என்னடி என்றேன். தலைவலி என்றாய். மாத்திரை போட்டுக்கோ என்று சொல்லிவிட்டு மைக் பக்கம் திரும்பிக்கொண்டேன். மறுநாளே நீ வேலையை விட்டாய். அந்தச் செய்தியைப் படித்தபோது உன் ஈர முகம்தான் நினைவுக்கு வந்தது. இவளாக இருக்காது, இருந்தால் என்னிடம் சொல்லியிருப்பாளே என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன். எனக்கு அதுதான் வசதியாக இருந்தது.

யாரோ சொன்னாங்கன்னு ஒரு மனுஷனைக் குற்றவாளி ஆக்கிட முடியுமா, நாளைக்கு என்மேல ஒருத்தன் சொன்னா என்ன செய்வே என்று என் வீட்டுக்காரர் கேட்டார். அது நியாயமான கேள்விதான், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். அந்த அறையில் நான் இல்லை. உன் சார் செய்தாரா என்று நான் எப்படிச் சொல்வது? ஆனால் அவரைக் குற்றவாளி ஆக்கக் கூடாது என்பதற்காக உன்னைப் பொய்க்காரி ஆக்கினேனே, அது எந்த ஊர் நியாயம்? நீ பொய் சொன்னாய் என்றும் யாரும் நிரூபிக்கவில்லையே. இதைச் சொன்னதும் என் வீட்டுக்காரர் ஸ்பீக்கர் வயரைச் சுற்ற ஆரம்பித்துவிட்டார்.

விளம்பரத்தை நிறுத்தச் சொல்லிப் போய்க் கெஞ்சினேன். நல்லா போயிட்டிருக்கிறதை எதுக்குக்கா நிறுத்தணும் என்று சிரித்தார் பொறுப்பாளர். தாளில் இருந்ததை முழுதாகப் படித்துப் புதிதாகப் பதிவு செய்து கொடுத்தேன். வாங்கி மேஜைமேல் வைத்தார், அங்கேயேதான் கிடக்கிறது. போன வாரம் உன் அறையில் ஜன்னலைத் திறந்தபோது கீழே வேன் வந்து நின்றது. உன் கட்டிலில் உட்கார்ந்து முழுவதும் கேட்டேன். அக்கா வீட்டுக்குப் போகும் முன் இதே இடத்தில் நீ எத்தனை நாள் கேட்டிருப்பாய் என்று நினைத்துக்கொண்டேன். அழுதேன். அழுது என்ன பிரயோஜனம்?

வெள்ளிக்கிழமை நான் போகிறேன். நீ வந்ததையும் முகம் கழுவியதையும் சொல்வேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். உன் சாருடைய வக்கீல் விளம்பரத்தைப் போட்டுக்காட்டி, நிரபராதி என்று ஊருக்கெல்லாம் சொன்னவள்தானே நீ என்று கேட்பார், கேட்காமல் விடுவாரா? ஆமாம், வெட்டியதும் நான், சேர்த்ததும் நான் என்பேன். பிழைப்புப் போனால் போகட்டும் என்று வீரமாக எழுத ஆசைதான். பயமாகத்தான் இருக்கிறது.

அன்று உன்னை அப்படியே நம்பியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. என்ன நடந்தது என்று உட்கார வைத்துக் கேட்டிருக்கலாம். அதைக்கூட நான் செய்யவில்லை.

என்னை மன்னிக்க வேண்டாம். என் பக்கத்தில் உட்கார வேண்டாம், முகத்தைக்கூடப் பார்க்க வேண்டாம். ஆனால் வந்துவிடடி. நான் பேசியதை ஊரே கேட்டாயிற்று. நீ பேசி இன்னும் ஒருவரும் கேட்கவில்லை.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் தோழி, இன்னும் அப்படித்தான் எழுத வருகிறது.