பத்மா சுட மறுத்த புறா

என் அன்பு நயினாரே, தட்டிக்கு அந்தப் பக்கத்து வாத்தியாரே,

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. பள்ளி ஆண்டு மலருக்கு உங்களைப் பற்றி நான்தான் எழுத வேண்டுமாம். பக்கத்து வகுப்பில் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற ஒரே தகுதி. கட்டுரையாக எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு வாக்கியமும் இரங்கல் கூட்டத் தீர்மானம் மாதிரி வந்தது. அதனால் உங்களுக்கே எழுதிவிடுகிறேன். மற்றவர்கள் வேண்டுமானால் எட்டிப் படித்துக்கொள்ளட்டும்.

வழக்கம்போல முதலில் ஒழுங்கு. சிரிக்காதீர்கள்.

1. உங்கள் படத்திறப்பு எவ்வளவு கேவலமாக நடந்தது என்பது.
2. இன்ஸ்பெக்டர் உங்கள் பெயரால் புறா சுட்டது.
3. உங்கள் இடத்துக்கு வந்திருக்கும் சுந்தரம் வெறும் கிளிப்பிள்ளை என்பது.
4. பத்மாவுக்காக நான் பேசப்போவது. (பேசுவேனா என்பது எனக்கே சந்தேகம்.)

முதலாவது. படத்தில் உங்களுக்குக் கோட்டு மாட்டிவிட்டிருக்கிறார்கள். ஸ்டூடியோக்காரன் கைவேலை. சட்டைப் பையில் சாக்பீஸும் எருக்கம்பூவும் வைத்துக்கொண்டு திரிந்த மனுஷருக்குக் கழுத்துவரை பொத்தான். திறந்துவைத்தவர் யார் தெரியுமா? நம் பள்ளி இன்ஸ்பெக்டரேதான். "கணக்கு வகுப்பில் இலை தழை எதற்கு?" என்று உங்களுக்கு மெமோ கொடுத்தாரே, அவரே. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, இலை ஒவ்வொன்றிலும் நாலு சிற்றிலை இருக்கிறது, நாலாம் வாய்பாட்டை வயலில் களை பிடுங்குகிற பிள்ளை தினமும் கையால் தொடுகிறது என்று நீங்கள் பதில் எழுதினீர்கள். அந்தப் பதிலை அவர் படித்தாரா என்றுகூட நமக்குத் தெரியாது.

மேடையில் அவர் சொல்கிறார்: "இந்த மேதையை ஆரம்பத்திலேயே இனங்கண்டு ஊக்குவித்தவன் நான்." எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். என் கைகள் என்னைக் கேட்டுக்கொண்டு எதையும் செய்வதில்லை.

உங்கள் வகுப்பை இங்கே யாருமே பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை, கேட்டேன். நம் இரண்டு வகுப்புக்கும் நடுவே ஒரு ஓலைத் தட்டிதானே? நான் இந்தப் பக்கம் ஏழாம் வாய்பாட்டைக் கூட்டாக ஒப்பிக்க விடுவேன். அந்தப் பக்கத்திலிருந்து உங்கள் குரல் வரும்: "கோட்டை மேல இருக்கிற ராஜா ஒரு கொடம் தண்ணி கேட்டாரு. வழியில மூணு வாசல். ஒவ்வொரு வாசல்லயும் காவக்காரன் பாதியக் குடிச்சிட்றான். கீழருந்து எத்தினி கொடம் எடுத்துக்கினு கெளம்பணும்?" ஒரு வாண்டு கத்தும்: "வேற காவக்காரன வெக்கணும் சார்!" அதையும் நீங்கள் பலகையில் எழுதுவீர்கள். சாக்பீஸ் சத்தம் எனக்குக் கேட்கும். என் பிள்ளைகள் ஏழாம் வாய்பாட்டை விட்டுவிட்டுக் குடம் எண்ணத் தொடங்கிவிடுவார்கள்.

எந்தத் தப்பான விடையையும் நீங்கள் அழிக்க விட்டதில்லை. "தப்ப அழிக்காதடா. பக்கத்துல இன்னொண்ணு எழுது. எங்க வழி மாறுனன்னு பாக்க வேணாமா?" மணி அடித்ததும் தட்டிக்கு மேலே உங்கள் தலை தெரியும். "இன்னா வேதாசலம், உன் பசங்க மூச்சு வுடுதுங்களா? வாய்பாட்டோட சேத்து அதையும் நிறுத்திட்டியா?" நான் கோபப்பட்டதாகக் காட்டிக்கொள்வேன். பதில் சொல்லத் தெரியாதவனுக்கு அது ஒரு வசதி.

இரண்டாவது. படத்திறப்பு முடிந்ததும் 'உங்கள் முறையில்' ஒரு மாதிரிப் பாடம். நடத்தியவர் சுந்தரம். தழையெல்லாம் மேஜைமேல் கண்காட்சி போல. அவர் மல்லாட்டை இலையைத் தூக்கிக் காட்ட, பிள்ளைகள் எழுந்து நின்று ஒரே குரலில் சொன்னார்கள்: "மல்லாட்டை இலையின் பயன் யாது? மல்லாட்டை இலையின் பயன், நாலாம் வாய்பாடு கற்பித்தல்!" கேள்வியையும் சேர்த்து ஒப்பித்தார்கள், நயினாரே. ஐந்திதழ் எருக்கம்பூவின் பயன், மூவிலை வில்வத்தின் பயன். ஒரு பிள்ளைகூட இலையைப் பார்க்கவில்லை. எல்லோரும் இன்ஸ்பெக்டரின் முகத்தைப் பார்த்தார்கள்.

அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. தாமும் ஒரு கதைக் கணக்கு போடுகிறேன் என்று எழுந்தார். முதல் பெஞ்சில் பத்மா. மேல்சித்தாமூர் அப்பாண்டராஜன் பெண். அவர் இப்போது செஞ்சியிலேயே குடியிருந்து மல்லாட்டை வியாபாரம் செய்கிறார். உங்கள் சமண ஜனம்தான், உங்களைப் போலவே பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்கிற வீடு.

"மரத்துல பத்து புறா. நீ துப்பாக்கி எடுத்து ஒண்ணச் சுட்டா, மிச்சம் எத்தனை?"

"நான் சுட மாட்டேன் சார்."

"சும்மா சுட்டதா வெச்சுக்கோ."

"வெச்சிக்க மாட்டேன் சார்."

"சரி, மிச்சம் எத்தனை சொல்லு!"

"பத்து."

பலகையில் எழுதச் சொன்னார். எழுதினாள். எல்லோரும் சிரித்தார்கள். அவர் டஸ்டரை எடுத்து அதைத் தாமே அழித்தார். "சத்தம் கேட்டு எல்லாம் பறந்துபோகும், மிச்சம் சைபர்" என்று சொல்லித் தாமே சிரித்துக்கொண்டார். உலகத்திலேயே பழைய விடுகதை அது. நீங்கள் அதை எப்படிப் போடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். வேடனும் இருக்க மாட்டான், துப்பாக்கியும் இருக்காது; கையைத் தட்டுவீர்கள், அவ்வளவுதான். எறும்புக்கு வழிவிட்டு நடந்த மனிதரின் படத்துக்குக் கீழே நின்று இந்த மனிதர் புறா சுடுகிறார். கோட்டுக்குள் நீங்கள் நெளிந்திருக்க மாட்டீர்களா?

அதோடு விடவில்லை. பார்வைக் குறிப்பில் 'இம்மாணவிக்குக் கழித்தல் தெரியவில்லை, மேல் வகுப்புக்கு ஏற்றத் தகுதியில்லை' என்று எழுதிவிட்டுப் போனார்.

மூன்றாவது, சுந்தரம். பயிற்சிப் பள்ளியிலிருந்து புதிதாக வந்தவர். இன்ஸ்பெக்டர் சொல்வதற்கெல்லாம் தலை முன்னால் ஆடும், சொல் பிறகு வரும். உங்கள் கதைகளை ஊரெல்லாம் கேட்டுச் சேகரித்து, வினா விடையாக்கி, பிள்ளைகளின் வாயில் அடைத்திருக்கிறார். மூன்று வாசல் கணக்கைத் தேர்வில் கேட்டாராம். விடை எட்டு என்று எழுதினால் பாதி மதிப்பெண். ராஜாவின் கதையை வரி பிசகாமல் எழுதினால்தான் முழுசு. கணக்கு வாத்தியார் என்று இவரைச் சொல்வது கணக்குக்கே இழுக்கு. வாய்பாட்டை உருப்போட வைத்தவன் நான். என் வகுப்பில் கிளிகள் இருந்தன, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் கிளிகளைப் புறா என்று சொல்லி விற்றதில்லை.

உங்கள் முறை உங்களோடு போய்விட்டது, நயினாரே. இனி யாருக்கும் வராது.

நான்காவது. கடைத்தெருவில் அப்பாண்டராஜன் என்னை நிறுத்தினார்.

"சார், என் பொண்ணு சுட மாட்டேன்னது தப்பா?"

"தப்பே இல்ல."

"அத அங்கியே சொல்றதுதானே சார்? நீங்களும் முன்னால நாற்காலி போட்டு உக்காந்துனுதானே இருந்தீங்க?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "திரும்பவும் அஞ்சாங்கிளாசுன்னா நான் அனுப்ப மாட்டேன் சார். பொண்ணுக்கு வயசு ஏறுது. 'வீட்லயே வெச்சிக்கலாம் நைனா, எல்லாம் சிரிக்கிறாங்க'ன்னு அதுவே சொல்லுது."

அந்தப் பெண் அப்படிச் சொல்கிறவள் இல்லை. உங்கள் கடைசி வருஷத்தில் தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து அதிகம் கேட்ட குரல் அவளுடையது. பள்ளிக்கு எதிரான முதல் பாடத்தை இன்ஸ்பெக்டர் அவளுக்குக் கச்சிதமாகக் கற்றுக்கொடுத்துவிட்டார்.

ஆகவே சுந்தரத்திடம் போய்ப் பேசுவேன்.

இதுவரை எழுதி மடித்து வைத்துவிட்டேன். பல நாள் போகவில்லை. நேற்றுத்தான் போனேன். பேசவேண்டியதை முன்கூட்டியே வரிசைப்படுத்தி, நடந்துகொண்டே மனப்பாடம் செய்தேன். கிளிப்பிள்ளை யார் என்பது அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

வகுப்பு நடந்துகொண்டிருந்தது. என் பழைய வகுப்பு காலியாக இருந்ததால் அதில் போய் உட்கார்ந்தேன். தட்டிக்கு அந்தப் பக்கம் கூச்சல். பழக்க தோஷம், ஒரு கணம் நீங்கள் என்றே நினைத்தேன். பிறகு சுந்தரத்தின் குரல்: "சைபர் வேணாம்னு சொல்றியே, அப்ப நீயே ஒரு கணக்கு போடு."

பத்மா சொன்னாள்: "மரத்துல பத்து புறா. ஒண்ணு கூட்டுல முட்டை மேல உக்காந்துனு இருக்குது. வெளிய டமார்னு வெடிச் சத்தம். மிச்சம் எத்தினி?"

"ஒண்ணுமில்ல! எல்லாம் பறந்துடும்!"

"அது எப்படிப் பறக்கும்? முட்டை இருக்குதே!"

"உயிர் மேல ஆச இருந்தா பறக்கும்டி!"

"உங்கம்மா உன்ன வுட்டுட்டுப் பறக்குமா?"

பெரிய சிரிப்பு. சுந்தரம் சொன்னார், "எனக்குத் தெரியல. யாருக்காச்சும் புறாக்கூடு எங்க இருக்குதுன்னு தெரியுமா? போய் தூரமா நின்னு பாக்கலாம்." ஐந்தாறு குரல்கள் ஒரே நேரத்தில் தங்கள் தங்கள் மரத்தைச் சொல்லின.

நான் எழுந்து தட்டிக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். நீங்கள் எட்டிப் பார்ப்பீர்களே, அதே இடத்தில். இத்தனை வருஷத்தில் நான் அப்படிச் செய்தது இதுதான் முதல் தடவை. பலகையில் ஒரு ஓரமாகப் 'பத்து'. பக்கத்தில் 'சைபர்'. அதற்குப் பக்கத்தில் 'ஒண்ணு'. எதையும் யாரும் அழிக்கவில்லை.

மணி அடித்ததும் சுந்தரம் என்னிடம் ஓடி வந்தார். "உக்காருங்க சார். அன்னிக்கு நடந்தது அசிங்கம் சார். இன்ஸ்பெக்டர் அசந்து போகணும், ஒப்பிக்க வெய்னு மேல சொன்னாங்க. பயந்துட்டேன்."

"பத்மா?"

"மேல் கிளாஸ் பட்டியல்ல ஏத்திட்டேன் சார். கணக்குதான் தப்பு, பொண்ணு தப்பில்லன்னு மேலயும் எழுதிப் போட்டுட்டேன். அவங்க நைனாகிட்ட காலையிலயே சொல்லிட்டேன்."

"உங்களை வேற ஊருக்குத் தூக்கி அடிச்சுடுவாரே!"

"அடிக்கட்டும் சார். அங்கயும் மல்லாட்ட வெளையும்."

மனப்பாடம் செய்துகொண்டு போன பேச்சு முழுதும் அப்படியே மிஞ்சியது. அதற்கு அங்கே வேலை இல்லை. உங்கள் கதையில் ஒன்றைக்கூட அவர் நேற்றுச் சொல்லவில்லை, ஆனால் நடத்தியது உங்கள் முறைதான் என்பது வீட்டுக்கு வரும் வழியில்தான் எனக்குத் தோன்றியது.

ஆகவே நயினாரே, மேலே மூன்றாவதாக எழுதியது தப்பு. அடித்துவிட்டுச் சுத்தமாகப் பிரதி எடுத்திருக்கலாம். என் கையெழுத்துக்கு அது பெரிய வேலை இல்லை. அழிக்கவில்லை. எங்கே வழி மாறினேன் என்று நீங்கள் பார்க்க வேண்டாமா? முதலாவதும் இரண்டாவதும் அப்படியே நிற்கட்டும். அந்த மனிதரைப் பற்றி நான் எழுதியதில் ஒரு எழுத்தும் குறைக்க மாட்டேன்.

ஒரு வாக்கு மட்டும் கொடுக்கிறேன். திங்கட்கிழமை பிள்ளைகள் புறாக்கூடு பார்க்கப் போகிறார்கள். நானும் போகிறேன். பின்னால் நிற்பேன், வாயைத் திறக்க மாட்டேன். சத்தம் கேட்டு அது பறந்ததா, உட்கார்ந்திருந்ததா என்று பார்த்து வந்து உங்களுக்கு எழுதுகிறேன். எனக்கும் விடை தெரியவில்லை.

தட்டிக்கு இந்தப் பக்கத்திலிருந்து,
உங்கள் தம்பி முறையான
வேதாசலம்