யாராலும் படிக்க முடியாத நம்பர்

ஏங்க,

நீங்கள் தூங்கும்போதே கிளம்புகிறேன். குழம்பு அடுப்பில் இருக்கிறது, சூடு பண்ணிச் சாப்பிடுங்கள்.

நேற்று ரெட்டியார்பாளையம் சிக்னலில் அந்த ஸ்கூட்டர்காரர் என்ன தப்பாகக் கேட்டுவிட்டார்? “நம்பர் பிளேட்ல 8055ஐ நெருக்கி வளைச்சி, இங்கிலீஷ்ல BOSSனு தெரியிற மாதிரி எழுதி வச்சிருக்கியே, இத எவன்யா நம்பர்னு படிப்பான்?” என்றார். அவ்வளவுதான். அதற்கு வீல் ஸ்பானரை எடுத்து அவர் வாயிலேயே அடித்தீர்கள். விழுந்த பிறகும் அடித்தீர்கள். “விடுங்க, செத்துடுவாரு!” என்று கையைப் பிடித்த என்னையும் ரோட்டில் தள்ளினீர்கள். கூட்டம் ஓடி வந்ததும், “ஏறுடி, எவனும் நம்பர படிச்சிருக்க மாட்டான்” என்று சிரித்தபடி காரைக் கிளப்பினீர்கள்.

உண்மைதான், யாரும் படிக்கவில்லை. விடியற்காலையிலேயே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்தேன். தாடை உடைந்து கிடக்கிறார், அவர் மனைவிக்கு யாரைத் தேடுவதென்றே தெரியவில்லை.

காரை நானே போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓட்டிப் போகிறேன்.

சுமலதா

பி.கு: பாப்பா சாரம் ஏரியாவில் என் அம்மா வீட்டில் இருக்கிறாள். அங்கே வராதீர்கள். பின் சீட்டிலிருந்து எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். “அப்பா நம்மளையும் அடிப்பாராம்மா?” என்று கேட்டாள். இல்லையென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.