என் பெருவிரலுக்கு ஒரு சாட்சி

மார்ச் 5, 2025
அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புக்கு வட்டி எட்டு புள்ளி இரண்டு. வங்கியில் என் வைப்புத்தொகைக்கு ஏழுகூட இல்லை. அடுத்த வாரம் முதிர்கிறது. இரண்டிடத்திலும் எனக்கு வரி கிடையாது, படிவம் கொடுத்தால் பிடித்தமும் இல்லை. அதே பணம், அறந்தாங்கி கடைத்தெருவில் நாலு கடை தள்ளிப் போனால் கூடுதலாக வளர்கிறது. விந்தைதான். ஏப்ரலில் குறைப்பார்கள் என்று பேச்சு. அதற்குள் மாற்றிவிட வேண்டும்.

மார்ச் 12
வங்கியில் என் கையெழுத்து பொருந்தவில்லையாம். மறுபடி போட்டேன். அதுவும் இல்லை. கை நடுக்கம். கான்வென்ட் பள்ளியில் என் எழுத்தைத்தான் சிஸ்டர் மற்ற வகுப்புகளுக்கு எடுத்துப்போய்க் காட்டுவார்.

மேலாளர் சின்னப் பெண், மரியாதையானவள். "மகனை ஜாயின்ட்டா சேத்துக்கங்கம்மா. இல்லாட்டி ரேகை வைக்கலாம்."

கைநாட்டு. நான்! எழுந்து வந்துவிட்டேன்.

மார்ச் 13
அருள்மணி பெங்களூரிலிருந்து பேசினான். "என் பேரைச் சேருங்கம்மா. மாசாமாசம் நான் அனுப்புறேன். அரை வட்டி கால் வட்டிக்கு ஏன் அலையிறீங்க?"

நல்ல பிள்ளை. ஆனால் அவர் போனபின் இந்த வட்டியில்தான் மருந்து, வேலைக்காரி சம்பளம் எல்லாம். இதுவரை யாரிடமும் கேட்டதில்லை. இனி இவனிடம் கேட்க வேண்டிவரும். அன்போடுதான் கொடுப்பான் — அதுதான் பயம்.

மார்ச் 14
பக்கம் நிறைய என் பெயரை எழுதிப் பார்த்தேன். ஒன்று இன்னொன்றைப் போல இல்லை.

மார்ச் 17
சரி, ரேகையே வைக்கிறேன். அதற்குச் சாட்சி வேண்டுமாம்: மேலாளர் ஒருவர், வங்கிக்குத் தெரிந்த வெளியாள் ஒருவர். அடுத்த வீட்டு ரஹ்மத் நிஷாவுக்கு அங்கே கணக்கு உண்டு. நோன்புக் கஞ்சிக்கு அரிசி களைந்துகொண்டிருந்தாள். கேட்டதும் கை நின்றுவிட்டது. வட்டி வாங்குவது மட்டுமல்ல, அதற்குச் சாட்சி நிற்பதும் அவர்களுக்குக் கூடாதாம்.

"இந்த மாசத்துலயா கேப்பீங்க அக்கா?"

இத்தனை வருடம் அடுத்தடுத்த வீடு. எனக்கு இது தெரியாது. கேட்டதை மறந்துவிடச் சொல்லித் திரும்பினேன்.

மார்ச் 19
காலையில் அவளே புர்காவோடு வாசலில் நின்றாள்.

"வாங்க. பேங்க்ல எடுக்குறதுக்கு வாரேன். தபாலாபீஸ்ல போடுறதுக்கு வர மாட்டேன். வட்டிக்கு நான் சாட்சி இல்லக்கா. இது ஒங்க வெரலுன்னு மட்டும் சொல்லுவேன். அது நெசந்தானே?"

ஒரு கத்தி வைத்து அறுத்ததுபோல எவ்வளவு சுத்தமாகப் பிரித்துவிட்டாள்! நானும் படித்தவள்தான். எனக்குத் தோன்றியிருக்காது.

மையில் விரலை வைக்கத் தயங்கினேன். "கூச்சப்படுறதைப் பாரு, மருதாணி வைக்கிற புதுப்பொண்ணாட்டம்," என்றாள். மேலாளர் சிரித்துவிட்டாள். நானும்.

காசோலையோடு அஞ்சலகம். அங்கே பழைய தபால்காரர் பெரியண்ணன் சாட்சி போட்டார். அவள் உள்ளே வரவில்லை. எனக்காக வெயிலில், தண்ணீர்கூடக் குடிக்காமல், எதிர்க்கடை ஓரமாக நின்றிருந்தாள்.

இரவு, விரலில் பேனா மை தடவிப் பத்திரிகை ஓரத்தில் ஒற்றிப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். அலை இறங்கியதும் மணலில் நிற்கும் வரிகள் போல, நடுவில் ஒரு சுழி. எந்த சிஸ்டரும் திருத்திக் கொடுத்ததல்ல. நடுக்கம் இதைத் தொடவில்லை. உலகத்தில் வேறு எவளுக்கும் இது இல்லை. எழுபத்தெட்டு வயதுவரை விரல் நுனியிலேயே இருந்திருக்கிறது, நான் பார்க்காமல். தூங்க மனம் வரவில்லை.

ஜூலை 2
அஞ்சலகத்தில் வட்டி விழுந்திருக்கிறது. எழுத்தர் பேனாவை நீட்டினார். "ஸ்டாம்ப் பேடைக் குடுங்க தம்பி," என்றேன், பின்னால் நின்றவர்களுக்கும் கேட்கும்படியாக.

வரும் வழியில், தனியே முடிந்து வைத்திருந்த காசில் ரஹ்மத் நிஷாவுக்கு மாம்பழம் வாங்கினேன். பையைத் தொடாமல், "எந்தக் காசு அக்கா?" என்றாள். கொல்லைத் தேங்காய் விற்ற காசு என்றேன். வாங்கிக்கொண்டாள்.