உண்மையான கல்யாணம்தானா?

மார்ச் 4, செவ்வாய்

கடையில் ஒரு பெரியவருக்குக் கண் பரிசோதித்துக்கொண்டிருந்தபோது குடியேற்ற அலுவலகத்திலிருந்து போன். என் கணவருடைய குடியிருப்பு அனுமதி மனு விசாரணைக்கு வந்திருக்கிறதாம். பதினெட்டாம் தேதி இரண்டு பேரும் போக வேண்டும். அதன் பிறகு ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கும் வருவார்களாம்.

"வீட்டுக்கு எதுக்கு மேடம்?"

"உண்மையான கல்யாணம்தானான்னு பார்க்கணும்ல?"

அதை எப்படிப் பார்ப்பார்கள்? கண்ணுக்குப் பவர் பார்க்க என்னிடம் லென்ஸ் பெட்டி இருக்கிறது, எழுத்துப் பலகை இருக்கிறது. கல்யாணத்துக்கு என்ன வைத்திருக்கிறார்கள்? நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது. பயம் அப்புறம்தான் வந்தது. பெரியவரிடம் "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா" என்று கேட்டுக்கொண்டிருக்கும்போது. கணவருடைய தற்காலிக விசா ஏப்ரலோடு முடிகிறது. மனு தள்ளுபடி ஆனால் இவர் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

மார்ச் 7, வெள்ளி

சாப்பிட்டபின் பரீட்சை நடத்தினோம். நான் அதிகாரி.

"உங்க மனைவிக்குப் பிடிக்காத காய் எது?"

"கத்திரிக்காய். ஆனா அவங்க அம்மா செஞ்சா சத்தமில்லாம சாப்பிடுவாங்க."

கவனித்திருக்கிறார்! அடுத்து அவர் அதிகாரி.

"உங்க கணவர் எந்த வயசுல சைக்கிள் கத்துக்கிட்டார்?"

"பத்து?"

"இன்னும் கத்துக்கலை."

தன் ஊரில் ஏசி மெக்கானிக்காக இருந்தவர். எந்த இயந்திரத்தையும் பிரித்து மாட்டுவார். சைக்கிள் ஓட்டத் தெரியாதாம்! இன்னொன்று: இரவில் ஜன்னல் ஏன் திறந்திருக்கிறது என்ற கேள்விக்கு, அவருக்குக் காற்று வேண்டும் என்றேன். "எனக்கா? உனக்குன்னு நெனச்சுத்தான் இத்தனை நாளா நடுங்கிக்கிட்டுக் கிடக்கேன்!" என்றார். இரண்டு பேரும் எழுந்துபோய் மூடினோம்.

பேசுவது ஒரே மொழி. பாஸ்போர்ட்தான் வேறு. மொழி ஒன்றாக இருப்பதால் எல்லாம் தெரியும் என்று இருந்துவிட்டோமோ?

மார்ச் 9, ஞாயிறு

அப்பாவைப் பற்றி எழுதாமல் தள்ளிக்கொண்டே வருகிறேன்.

கீழ்வீட்டில் அவரும் அம்மாவும். மாடியில் நாங்கள். அப்பா ஓய்வு பெறும்வரை ரயிலில் டிக்கெட் பரிசோதகர். முகத்தைப் பார்த்தே ஆளை எடைபோட்டுவிடுவேன் என்பார். இவரைப் பார்த்ததும் அவர் சொன்னது: "பேப்பருக்காகக் கட்டிக்கிறான். பேப்பர் கிடைச்சதும் போயிடுவான்." கல்யாணத்துக்கு வந்தார், போட்டோவில் நின்றார். அன்றிலிருந்து இவரிடம் ஒரு வார்த்தை கிடையாது. எதிரே வந்தால் வானத்தைப் பார்ப்பார். இவர் "வணக்கம் மாமா" என்பதை விடவும் இல்லை.

விசாரணைக்கு வருகிறவர்கள் அக்கம்பக்கத்திலும் கேட்பார்களாம். எங்கள் அக்கம்பக்கம் என்றால் முதலில் அப்பாதான்.

மார்ச் 12, புதன்

இவருடைய அப்பா தபால் பிரிக்கும் வேலை பார்த்தவராம், அவர் இறந்தபின் அம்மா ஊரில் தனியாக. கல்யாணமாகி ஒன்றரை வருடத்தில் நான் ஏன் இதைக் கேட்கவே இல்லை?

மார்ச் 18, செவ்வாய்

போச்சு. எல்லாம் போச்சு.

தனித்தனி அறை. என்னை விசாரித்த அதிகாரியம்மாதான் பிறகு இவரையும் விசாரித்தார். அந்த அம்மாவின் கண்ணாடிப் பவர் மாற்ற வேண்டும், தாளைத் தள்ளிப் பிடித்துத்தான் படித்தார். நல்ல மாதிரியாகத்தான் பேசினார். நானும் கடகடவென்று பதில் சொன்னேன்.

"கடைசியா எதுக்குச் சண்டை போட்டீங்க?"

"ஈரத்துண்டைக் கட்டில் மேல போட்டதுக்கு. முந்தாநேத்து."

வெளியே வந்து இவரிடம் கேட்டால், இவர் என்ன சொல்லியிருக்கிறார் தெரியுமா? எங்களுக்குள்ள சண்டையே வந்ததில்லையாம்! ஒரே ஒரு தடவைகூட!

அந்த அம்மா இரண்டு பதிலையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருப்பார். யாரோ சொல்லிக்கொடுத்துப் படித்துவந்தவன் மாதிரி இல்ல இருக்கு அது? துண்டுன்னு சொன்னா என்ன குறைஞ்சுபோயிடும்?

மார்ச் 19, புதன்

காலையில் ஆரம்பித்தது.

"பொண்டாட்டிகூட சண்டைன்னு வெளியாள்கிட்ட யாராவது சொல்லுவாங்களா? உன்னை விட்டுக்கொடுத்த மாதிரி ஆகாதா?"

"விட்டுக்கொடுக்கவா சொன்னேன்? உள்ளதைச் சொல்லச் சொன்னேன்!"

"நாம போடுறதெல்லாம் சண்டையே இல்ல!"

"அப்ப இது என்ன?"

நல்லாவே கத்திவிட்டேன். அவரும்தான். இவ்வளவு சத்தமாக அவருக்குக் குரல் உண்டு என்பதே இன்றுதான் தெரியும்.

மார்ச் 27, வியாழன்

வந்துவிட்டுப் போய்விட்டார்கள்!

நான் கடையில். இவர் எனக்கு மதியச் சாப்பாடு கொண்டுவந்திருந்தார். மாடியில் யாரும் இல்லாததால் அந்த அதிகாரியம்மா கீழே மணி அடித்திருக்கிறார். கதவைத் திறந்தவர் அப்பா. நான் வீடு திரும்பியதும் அம்மா மூச்சிரைக்க மாடியேறி வந்து நடித்தே காட்டினாள்.

"மாடியில யார் இருக்காங்க?"

"என் பொண்ணு. அப்புறம் அவ புருஷன்."

"அவர் நிஜமாவே இங்கதான் இருக்காரா?"

"இருக்கான். அதுதானே பிரச்சனையே!"

அவ்வளவுதான், மடை திறந்துவிட்டதாம். "விடியறதுக்குள்ள மோட்டாரைப் போடுறான். குளிக்கும்போது பாட்டு. ஒரே பாட்டு, அதுலயும் ரெண்டே வரி. துணி காயப்போட்டா தண்ணி பூரா எங்க ஜன்னல் மேல. மத்தியானம் அவளுக்குச் சோத்தைத் தூக்கிட்டுக் கடைக்கு ஓடுறான், ஒரு நாளாவது கதவை மெதுவா சாத்தினானா கேளுங்க."

"சண்டை போடுவாங்களா?"

"அதை ஏன் கேக்குறீங்க! போன வாரம் காது கொடுத்துக் கேக்க முடியல. நாம சண்டையே போடுறதில்லன்னு அவன் கத்துறான், போடுறோம்னு இவ கத்துறா!"

அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாராம்.

கடைசியாக ஒன்று கேட்டிருக்கிறார். "மருமகனை உங்களுக்குப் பிடிக்குமா சார்?"

"பிடிக்காது."

"ஏன்?"

"அவன்கிட்ட நான் பேசினதில்ல."

"பேசாமலே எப்படிப் பிடிக்கலன்னு தெரிஞ்சுது?"

அப்பா தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று உள்ளே போய்விட்டாராம்.

மார்ச் 28, வெள்ளி

தாங்க முடியவில்லை. நேரே போய்க் கேட்டுவிட்டேன்.

"அப்பா, எங்களுக்காகத்தான் அப்படிச் சொன்னீங்களா?"

"கேட்டாங்க, சொன்னேன். இல்லாததையா சொன்னேன்?"

முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. இத்தனை வருடம் மற்றவர் முகத்தைப் படித்தவர் தன் முகத்தை மட்டும் யாருக்கும் காட்டாமல் வைத்திருக்கிறார். திரும்பி வாசல்வரை வந்துவிட்டேன்.

"ஆமா, அந்தப் பாட்டு... ரெண்டு வரியோட நிறுத்திடுறானே. அதுக்கு மேல என்ன?"

மாடிக்கு வந்து இவரிடம் கேட்டேன். "எனக்கும் தெரியாதே," என்றார். பிறகு ஊருக்குப் போன் போட்டுத் தன் அம்மாவிடம் கேட்டு எழுதிக்கொண்டார்.

ஏப்ரல் 22, செவ்வாய்

அனுமதி வந்துவிட்டது. இனி இவர் இங்கே வேலையும் பார்க்கலாம். நான் அழுதேன், இவர் ஈரத்துண்டை எடுத்துக் கொடியில் போட்டுவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

ஆகஸ்ட் 14, வியாழன்

மறுபடியும் அதே அலுவலகம். இவருடைய அம்மா கொஞ்ச நாள் வந்து எங்களோடு இருக்க விண்ணப்பம். வீட்டு உரிமையாளர் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம். வீடு அப்பா பெயரில். கேட்கத் தயங்கி அம்மா மூலம் சொல்லிவிட்டிருந்தேன். காலையில் இறங்கி வந்தால், இஸ்திரி போட்ட சட்டையோடு எங்களுக்கு முன்னால் வாசலில் நிற்கிறார்.

கவுண்டரில் இருந்தவர் அப்பாவிடம், "வர்றவங்க உங்களுக்கு என்ன உறவு?" என்றார்.

"சம்பந்தி."

கணினியில் மேலும் கீழும் தேடினார். "அப்படி ஒண்ணு இதுல இல்ல சார். நண்பர்னு போட்டுடட்டுமா?"

"நண்பர்னு எப்படிங்க போடுவீங்க? இன்னும் முகத்தையே பார்த்ததில்ல. சம்பந்திங்க."

"மற்றவைன்னு ஒண்ணு இருக்கு..."

"அதுலயே போடுங்க. பக்கத்துல சம்பந்தின்னு எழுதுங்க."

எழுதும்வரை அப்பா நகரவில்லை. பின்னால் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். நான் இவரைப் பார்த்தேன். இவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் இரண்டு இருக்கைதான் சேர்ந்தாற்போல் இருந்தது. அதில் அவர்கள் இருவரும். நான் பின்னால். வெகுநேரம் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

"உங்க அம்மாவுக்கு மாடி ஏற முடியுமா?"

இவர் பதறிப்போய் ஓடுகிற பஸ்ஸில் எழுந்தே விட்டார். "முட்டி வலி, மாமா."

"உட்காரு, விழுந்துடப் போறே. அப்ப கீழயே தங்கட்டும்."

கொஞ்ச தூரம் போனதும் மறுபடி: "காலையில காப்பியா, டீயா அவங்களுக்கு?"

"டீ, மாமா. சர்க்கரை கம்மியா."

"சர்க்கரை இருக்கா அவங்களுக்கு? மாத்திரை எடுக்குறாங்களா?"

இவர் சொல்ல ஆரம்பித்தார். அப்பா இவர் பக்கம் திரும்பி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். எங்கள் நிறுத்தம் வந்தது, போனது. நான் வாயைத் திறக்கவில்லை.