கடலில் ஒரு பக்கத்து வீடு

இன்று காலை கூரியரில் ஒரு பொட்டலம் வந்தது. பிரித்ததும் அலுவலகம் முழுக்க உப்பும் ரப்பரும் கலந்த வாடை. உள்ளே, நம் பாலத்தின் முனைகளில் பொருத்தியிருந்த ரப்பர் கட்டைகளில் ஒன்று. ஒரு மழைக்காலம் முழுக்கக் கடலில் கிடந்ததைக் கழற்றி, சோதித்துப் பார்க்கச் சொல்லித் தீவிலிருந்து அனுப்பியிருக்கிறார்கள். ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், வளைத்துப் பார்த்தேன். ஒரு வெடிப்பு இல்லை. கொஞ்சம் பாசி, அவ்வளவுதான். உன் மேசைப் பக்கம் திரும்பி "பாருடி" என்று சொல்லியே விட்டேன். புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண் நிமிர்ந்து பார்த்தாள். இந்தச் சந்தோஷத்தை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? அதனால்தான் எழுதுகிறேன்.

கீழ்க்கட்டளையில் இந்த மாடி அறையை வாடகைக்குப் பிடித்து, நான் வரைபடமும் நீ கட்டுமானக் கணக்குமாக இருந்த நாட்கள். ஒரு கல்யாண மண்டபம், ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கூரை என்று போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த வேலை வந்தது. ஒரு தீவு நாட்டில், பவழத்திட்டு அலையை உடைத்துத் தணித்துவிடுகிற கடலில், மிதக்கும் வீடுகள் கட்டப்போகிறார்கள். நம்மிடம் கேட்டது படகைக் கட்டிவைக்கிற சிறு மேடைகள் மட்டும். வீட்டுக்கு ஒரு மேடை, ஒரு படகு. நீ வரைபடத்தை விரித்து வெகுநேரம் பார்த்தாய். "படகு எடுத்துக்கிட்டுப் போகணும்னா அது பக்கத்து வீடு இல்லடி, அடுத்த ஊர்" என்றாய்.

ஏன் அப்படிச் சொன்னாய் என்று எனக்குத் தெரியும். முடிச்சூரில் உன் தெருவில் வெள்ளம் புகுந்தபோது நீங்கள் மொட்டை மாடியில் இருந்தீர்கள். எதிர் வீட்டு மாடியில் அந்த அக்கா, காய்ச்சலில் துவண்ட குழந்தையோடு. உன் மகனுக்கு வாங்கிய காய்ச்சல் மருந்து உன் கையில் இருந்தது. நடுவில் ஒரு தெருவின் அகலம்தான், ஆனால் ஆள் முங்கும் தண்ணீர் இழுத்துக்கொண்டு ஓடியது. மீட்புப் படகு வரும்வரை இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி நின்றீர்கள். குழந்தை பிழைத்துக்கொண்டது. அப்படி நிற்க நேர்ந்ததை மட்டும் நீ மறக்கவே இல்லை.

யாரும் கேட்காத பாலத்தை வரையத் தொடங்கினோம். இரண்டு வீடுகள் இரண்டு விதமாக ஏறி இறங்கும். நடுவே பாலம் போட்டால் எப்படித் தாங்கும்? ஒரு முனையைக் கீலில் மாட்டி, மறு முனையை உருளைமேல் நகரவிட்டோம். கூடுவாஞ்சேரியில் என் சித்தப்பா இருக்கும் அடுக்ககத்தில் நீச்சல் குளத்தைச் சோதனைக்காகக் கெஞ்சி வாங்கினாய். பிளாஸ்டிக் பீப்பாய்மேல் பலகை கட்டி இரண்டு 'வீடுகள்', இடையே நம் குட்டிப் பாலம். அலை வேண்டும் என்று நீ சொன்னதும் அடுக்ககமே குளத்தில் குதித்தது. டைல்ஸ் உடையுமோ என்ற கவலையில் சங்கச் செயலாளர் கரையைச் சுற்றிச் சுற்றி வந்தார். பாலம் மேலும் கீழும் அழகாகத்தான் ஆடியது. ஒரு மேடை இடப்பக்கமும் மற்றது வலப்பக்கமும் சாய்ந்த நொடியில் முறுக்கிக்கொண்டு மூலை பிளந்தது. எனக்கு அழுகை வந்தது. நீயோ இடுப்பளவு தண்ணீரில் நின்று, "இப்பதான் தெரியுது. இது முறுக்கிக்க விடணும்" என்று சிரித்தாய்.

அப்படித்தான் ரப்பர் கட்டை வந்தது. அதை வார்த்துத் தந்த பம்மல் பட்டறைக்காரர், "இன்னா மேடம், லாரிக்கா?" என்று கேட்டார். கடலில் மிதக்கும் வீட்டுக்கு என்றதும் கொஞ்ச நேரம் நம்மையே பார்த்துவிட்டு, "அங்க ஆளுங்க குடி கீறாங்களா?" என்றார். இனிமேல்தான் வரப்போகிறார்கள் என்று சொன்னாய்.

இரண்டாவது சோதனையில் பாலம் முறுக்கி, நெளிந்து, பழைய நிலைக்கே வந்தது. கையில் ரசச் சட்டியோடு நடந்து பார்த்தாய். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. அப்போது செயலாளரின் மனைவி, முட்டி ஆபரேஷன் ஆனவர், தானும் நடக்கலாமா என்று கேட்டார். செயலாளர் வேண்டாம் என்பதற்குள் ஏறிவிட்டார். பாதியில் நின்றார். கால் வலிக்கிறதா என்று நீ ஓடினாய்.

"இல்லம்மா. இங்க கொஞ்சம் நிக்கணும் போல இருந்துது" என்றார்.

திரும்பி வரும் மின்சார ரயிலில் தாம்பரம் வரைக்கும் நீ டிக்கெட்டின் பின்னால் எதையோ கிறுக்கிக்கொண்டே வந்தாய். இறங்கும்போது, நடுவில் ஒரு சிறு மிதவை வைத்து, பாலத்தை இரண்டாக்கி, அங்கே நின்று பேச இடம் விடலாம் என்றாய். முறுக்கும் பாதியாகக் குறையும். நடைமேடையிலேயே என் கையைப் பிடித்துக் குலுக்கினாய்.

செலவு அதிகம், படகு போதும் என்றார்கள் தீவுக்காரர்கள். நீ கணக்கை எல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு உன் தெரு வெள்ளத்தைச் சொன்னாய். இரண்டு வீடுகளுக்கு நடுவே ஒரே ஒரு பாலம், சோதனைக்கு, என்று ஒப்புக்கொண்டார்கள்.

அதைப் போடுவதற்குள் நீ போய்விட்டாய். தலைவலி என்று சீக்கிரம் கிளம்பினாய். மறுநாள் விடிந்ததும் உன் கணவர் கூப்பிட்டார். மூளையில் ரத்தக்கசிவு. அதற்குமேல் அந்த நாட்களைப் பற்றி எழுத எனக்கு இன்னும் வரவில்லை.

தீவுக்குத் தனியாகத்தான் போனேன். நம் குளத்து அலை எங்கே, அந்தக் கடல் எங்கே! பாலத்தைப் பொருத்திய அன்று காற்று வேறு. ஒரு வீடு எழ மற்றது தாழ, பாலம் நெளிந்துகொண்டே இருந்தது. ஒரு வீட்டிலிருந்து ஒரு பெண், பாத்திரத்தைத் தட்டால் மூடி எடுத்துக்கொண்டு வந்தாள். கைப்பிடியைப் பிடிக்கவில்லை. எதிர் வீட்டுக்காரியும் இறங்கி வந்தாள். நடு மிதவையில் பாத்திரம் கை மாறியது. அப்புறம் இருவரும் திரும்பவில்லை. நின்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். அவர்கள் பாஷை எனக்குத் தெரியாது. ஏதோ புருஷன்மார் கதை என்று சிரிப்பிலேயே புரிந்தது. கரையில் நின்று நான் கைதட்டியதை எல்லாரும் விநோதமாகப் பார்த்தார்கள்.

அதெல்லாம் போன வருஷம். இன்றைய பொட்டலத்தைத் தொடர்ந்து மதியம் ஒரு அழைப்பும் வந்தது. மிச்சமுள்ள வீடுகள் அத்தனையையும் இணைக்கப்போகிறார்களாம். ஒரு தெருவையே வரைந்து தரவேண்டும், கடல்மேல்! திருப்பம், முச்சந்தி, மாலையில் உட்கார ஓர் இடம். கை பரபரக்கிறது. எழுதுவதைப் பாதியில் விட்டு இரண்டு முறை பென்சிலை எடுத்துவிட்டேன்.

"நாங்க வரைஞ்சு தர்றோம்" என்று அவர்களிடம் சொன்னேன். அழைப்பு முடிந்ததும் புதிய பெண் தயங்கித் தயங்கிக் கேட்டாள், தான் சேர்வதற்கு முன் இங்கே நான் ஒருத்திதானே இருந்தேன், அப்போதும் 'நாங்க' என்றுதான் சொல்வேனா என்று. ஆமாம் என்றேன். இந்தத் தொழிலில் 'நான்' என்று பேச எனக்கு வரவில்லை. பழகிக்கொள்ளும் உத்தேசமும் இல்லை.