இனியா வைத்த கள்ளி

ஆரணி,
தை, ஞாயிற்றுக்கிழமை

என் கண்ணு இனியாவுக்கு அம்மா எழுதுவது.

நாங்கள் நலம் என்று எழுதினால் பாதிதான் உண்மை. நீயும் மாப்பிள்ளை சுதாகரும் நன்றாக இருப்பதாக உன் சிநேகிதி ராதிகா சொன்னாள். வயிற்றில் இருப்பது உதைக்கிறதாமே. உங்கப்பா தினமும் என் போனை வாங்கிப் பார்க்கிறார். அதனால்தான் ஓசூருக்குத் திரும்பும் ராதிகாவிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன்.

நீ வீட்டுக்குள் வைத்து வளர்த்த முள்ளில்லாத பூக்கள்ளி, உங்கப்பா பேச்சை மீறிக் கல்யாணம் செய்துகொண்டு நீ போன பிறகு ஒரு மொட்டுகூட விடவில்லை. நீளநீளமாகத் தொங்கிக்கொண்டு கிடந்தது. உன் துணிமணி, போட்டோ எல்லாவற்றையும் வெளியே வீசிய மனுஷன் அதை மட்டும் ஜன்னலோரத்தை விட்டு நகர்த்தவில்லை. போன வெயில் காலத்தில் நர்சரியில் கேட்டு வந்து, ஒவ்வொரு தண்டிலும் நுனிக் கணுக்களைத் திருகி எடுத்தார். கிள்ளிய இடமெல்லாம் இரண்டிரண்டாகத் துளிர்த்தது. மார்கழியில் செடி முழுக்க ரோஜா நிறத்தில் பூ. விடிந்ததும் அதன் முன்னால் போய் நிற்பார். மனசு இளகிவிட்டது, உன்னைக் கூப்பிடுவார் என்று நம்பினேன்.

போன வாரம் உன் தங்கை சிவசங்கரியைப் பெண் பார்க்க தேவிகாபுரத்திலிருந்து வந்தார்கள். பையனின் அம்மா செடியைப் பார்த்துவிட்டு, "யாருங்க வளத்தது? இம்மாம் பூ பூத்துகினு இருக்குது!" என்றார்.

"எங்க பொண்ணுதாங்க. எங்களுக்கு ஒரே பொண்ணு" என்றார் உங்கப்பா.

காபித் தட்டோடு நின்றிருந்தேன். என்னால் முடியவில்லை. "மூத்தவ ஓசூர்ல இருக்கறா. அவ வச்ச செடி" என்று சொல்லிவிட்டேன்.

யோசித்துச் சொல்கிறோம் என்று போனவர்கள்தான், இன்றுவரை தகவல் இல்லை. அவர்கள் தெருமுனை தாண்டுவதற்குள் உங்கப்பா கத்திரியை எடுத்து, பூவும் மொட்டுமாக அடிவரை வெட்டிப் போட்டார். "இன்னொருத்தி வாழ்க்கையும் போச்சு. திருப்திதான?" என்று கேட்டார். சிவசங்கரியும், "வாய மூடிகினு இருந்திருக்கலாம் இல்லம்மா" என்று அழுதாள். அதற்கப்புறம் என்னோடு பேசுவதில்லை. அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வெட்டிக் கிடந்த கணுக்களைப் பொறுக்கி நிழலில் உலர்த்தி ராதிகாவிடம் கொடுத்திருக்கிறேன். மணல் கலந்த மண்ணில் ஊன்று. தண்ணீர் அதிகம் ஊற்றாதே.

பிரசவத்துக்கு நான் வருவேன். யாரையும் கேட்கப் போவதில்லை. தேதியை மட்டும் சொல்லி அனுப்பு. சுகமாகப் பெற்றெடு, கண்ணு. உனக்கு எத்தனை பிள்ளைகள் பிறந்தாலும், யார் கேட்டாலும், எண்ணிச் சொல்லும்போது ஒன்றைக்கூட விட்டுவிடாதீர்கள் என்று மாப்பிள்ளையிடம் சொல்.

உன் அம்மா,
பாஞ்சாலை