மெஷின் வந்தா அம்மா வருமா

என் செல்லத் தங்கச்சி கமலாவுக்கு,

நல்லா இருக்கியான்னு கேக்கத்தான் வாய் வருது. கேட்டுட்டுப் போறேன், நீ என்ன சண்டைக்கா வரப்போற?

உன் மக தேன்மொழி என் உசரத்துக்கு நிக்கிறா. எதிர்த்துப் பேசறதுல அப்படியே நீதான்.

நீ காய்ச்சல்ல போனப்ப அவ நடை பழகிக்கினு இருந்தா. அதுக்கு முந்தியெல்லாம் பொம்மையத் துணி போட்டு மூடினா, அதோட மறந்துடுவா. அப்பத்தான் துணியத் தூக்கித் தேடக் கத்துக்கினா. உன் புடவையெல்லாம் தூக்கித் தூக்கி உன்னைத் தேடினாளே, அதை யாருகிட்ட சொல்லி அழுவேன்?

இங்க நெய்வேலிக்கு, எங்க குவார்ட்டர்ஸுக்கே தூக்கிக்கினு வந்துட்டேன். நாலு வயசுல உன் மாமா அவளுக்குச் சுரங்கத்தைக் காட்டினார். பெரிய மெஷின் மண்ணை வாரிக் கொட்டறதைப் பாத்துட்டு வந்து, "பெரியம்மா, அம்மாவ மண்ணுக்குள்ளதான வச்சீங்க? மெஷின் நம்மூருக்கு வந்தா அம்மா வந்துடுமில்ல?"ன்னா. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சி. வந்துடும்டி கண்ணுன்னுட்டேன். வேற என்னத்தச் சொல்ல?

அப்புறம் ஷிஃப்ட் சங்கு ஊதினா இதே பேச்சுதான். "மெஷின் எதுவரைக்கும் வந்திருக்கு பெரியம்மா?" கேக்கறப்பல்லாம் சிரிச்சிக்கினே பதில் சொல்லுவேன். பள்ளிக்கூடம் போனா, கணக்குப் போட்டா. சொம்புத் தண்ணிய ஒசந்த டம்ளர்ல ஊத்தினா ஒசரந்தான் கூடும், அளவு கூடிடாதுன்னு எனக்கே பாடம் நடத்தினா. இதை மட்டும் விடல. இந்த ஒண்ணுல மட்டும் புத்தி வளரலையோன்னு எனக்குள்ள பயம்.

போன வாரம் நம்மூரையும் சுரங்கத்துக்கு எடுக்கப் போறாங்கன்னு சேதி வந்துச்சி. நீ படுத்திருக்கிற இடுகாடும் அதுல சேர்த்தியாம். எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. இவ மெஷின் எதிர்ல போயி காத்துக்கினு நின்னா? உக்கார வச்சி, "அம்மா வராதுடி"ன்னு சொல்லிட்டேன்.

பூ கட்டிக்கினு இருந்தவ நிமிரக்கூட இல்ல.

"அது மூணாவது படிக்கும்போதே தெரியும் பெரியம்மா."

"பின்ன ஏண்டி கேட்டுக்கினே இருந்த?"

"அதைக் கேட்டாத்தான் நீ சிரிப்ப. மத்தபடி அம்மா பேச்சு வந்தா அடுப்படிக்குப் போயி அழுவ."

கேட்டியா கமலா? நான்தான் அவளைத் தேத்தறேன்னு நெனச்சிக்கினு இருந்தேன். அத்தினியூண்டு புள்ள என் மனசுக்குள்ள என்ன இருக்குன்னு பாத்து, இத்தினி வருஷமா என்னைத் தேத்திக்கினு இருந்திருக்கா. எப்பத்தான் இந்தப் புத்தி வந்துச்சி அவளுக்கு?

மெஷின் வர்றதுக்கு முந்தி அவளைக் கூட்டிக்கினு உன்கிட்ட வரேன். இந்தத் தடவை எங்கியும் ஒளிய மாட்டேன். அவ பக்கத்துல உக்காந்தே அழுவேன்.

உன் மகளுக்குப் பெரியம்மா,
உனக்கு என்னிக்கும் அக்கா